கிழவன் விட்டுவிட்ட கால்

திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளுக்கு எங்கள் வீட்டில் ஒரு கடன் பாக்கி இருந்தது. பெரிய மாமாவின் கால் பிழைத்தால் அவருக்கு மொட்டை போட்டு, கோயில் கிணறான சேஷ தீர்த்தத்தில் உப்பு, மிளகு, வெல்லம் சேர்த்து, வெள்ளியில் கால் உரு வாங்கி உண்டியலில் போடுவதாக ஆயா மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தார். கால் பிழைத்தது. மாமாதான் நடவு, அறுப்பு, மழை என்று தள்ளிக்கொண்டே போனார். ஆயாவால் இப்போது பஸ் ஏற முடியாது. "நான் கண்ணை மூடறதுக்குள்ள முடிச்சிட்டு வாங்கடா" என்று அழ ஆரம்பித்த பிறகுதான் கிளம்பினோம்.

மாமாவின் ஊர் சிதம்பரத்துக்குத் தெற்கே, பழைய கொள்ளிடக் கரையில் இருக்கிறது. அந்த ஆற்றில் முதலை உண்டு என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வந்தால் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் கூட வந்துவிடும். வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவார்கள். ஆனால் ஆயாவுக்கு அது முதலை இல்லை, 'கிழவன்'. பொழுது சாய்ந்தால் முதலை என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். கிழவன் ஒருத்தன்தானாம். சாவே கிடையாதாம். தண்ணீருக்கடியில் கரையைக் குடைந்து வீடு கட்டிக்கொண்டு இருக்கிறானாம். வனத்துறைக்காரர்கள் பிடித்துப் போவதெல்லாம் அவனுடைய பேரப்பிள்ளைகளாம்! லீவுக்குப் போகும்போது நாங்கள் கேட்டு வளர்ந்த கதை இது. சதுப்புநில முதலைகள் கரையைக் குடைந்து வளை தோண்டும் என்று பின்னால் படித்தபோது, ஆயா முழுக்கவும் கட்டிவிடவில்லை என்று தெரிந்தது.

ஒரு சாயங்காலம் மாமா எருமையைக் குளிப்பாட்ட இறங்கினார். முழங்கால் தண்ணீர்தான். கெண்டைக்காலைக் கவ்வி இழுத்தபோது அவர் கைக்கு அகப்பட்டது எருமையின் வால். எருமை மிரண்டு கரையேறியது, மாமாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. எமன் ஏறி வருகிற வாகனமே எமன் கையிலிருந்து என் பிள்ளையைப் பிடுங்கி வந்தது என்று ஆயா இன்றைக்கும் சொல்வார். கெண்டைச் சதையில் பாதி போயிற்று. காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று ஆஸ்பத்திரியில் பேச்சு எழுந்த ராத்திரியில்தான் அந்தக் காசு முடிச்சு.

மாமாவுக்கு ஒழிந்த நாள் ஒரு முகூர்த்த நாள். திருவந்திபுரத்தில் முகூர்த்தம் என்றால் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம்தான், ஆனால் கல்யாண வேன்களுக்கு நடுவில் டவுன் பஸ் நகரவே இல்லை. இறங்கியதும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் உப்பு மிளகுப் பொட்டலத்தைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் சீக்கிரம் தரிசனம் பண்ணி வைக்கிறேன் என்று சட்டையைப் பிடிக்கிறார். மூன்றாவது ஆள் மாமா நொண்டுவதைப் பார்த்துவிட்டு, தகரத்தில் செய்த கால் உருவைக் காட்டி இதுதான் வெள்ளி என்று சாதிக்கிறார். பெருமாள் வாசலிலேயே இப்படிக் கூசாமல் பேச எப்படித்தான் மனசு வருகிறதோ.

மொட்டை ஆயிற்று. சேஷ தீர்த்தக் கிணற்றில் மாமா தன் கையாலேயே உப்பு மிளகைப் போட்டார். பெருமாளுக்குத் தாகம் எடுத்து, கருடன் தீர்த்தம் கொண்டுவரப் பறந்துபோய்த் தாமதமானதும், அதற்குள் ஆதிசேஷன் வாலால் பூமியை அடித்து இந்தத் தீர்த்தத்தை வரவழைத்ததும், மனம் வாடி வந்து நின்ற கருடனின் தண்ணீரையும் பெருமாள் ஏற்று அது கருட நதியாக, நம் கெடிலமாக ஓடுவதும் எல்லாரும் அறிந்ததுதான். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. யானையை முதலை பிடித்தபோது கண் மூடித் திறப்பதற்குள் பெருமாளைச் சுமந்து வந்த கருடன், அவருடைய சொந்தத் தாகத்துக்குப் பிந்திவிட்டார். நம் ஆபத்துக்கு வருகிற வேகம் வேறு போலிருக்கிறது.

வரிசை நகரவே இல்லை. மாலையும் கழுத்துமாகப் புது ஜோடிகள், வீடியோக்காரர்கள், அழுகிற குழந்தைகள். மாமா ஒற்றைக் காலில் பாரத்தை ஊன்றி நின்றார். ஒருவழியாக மூலவர் முன்னால் வந்தோம். தீபாராதனை காட்டினார்கள். என் கண்ணீரில் எனக்குத் திருமுகம் கூடச் சரியாகத் தெரியவில்லை. "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளல். மாமா நகரவில்லை. திடீரென்று குனிந்து வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். டாக்டரிடம் காட்டுவதுபோல, அந்தக் குழிவிழுந்த கெண்டைக்காலைத் திருப்பிப் பெருமாளுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

"யோவ், சன்னதியில என்னய்யா பண்றே?" என்று ஒருவர் அதட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. பட்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"முதலை சாமி. கொள்ளிடத்துல."

பட்டர் கை காட்டி வரிசையை நிறுத்தினார். "யானைக்கு வந்தவர் உனக்கும் வந்திருக்கார்ப்பா."

"எனக்கு எருமைதான் சாமி வந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். "அதை யார் அனுப்பினாங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய், மறுபடியும் கற்பூரம் ஏற்றி, பாதத்திலிருந்து திருமுகம் வரை நிதானமாகக் காட்டினார். இந்த முறை நன்றாகப் பார்த்தேன். மாமா வாய்விட்டு அழுதார். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது கூட அழாத மனிதர். சடாரி வைத்து, துளசியைக் கை நிறையக் கொடுத்தார் பட்டர். அத்தனை கூட்டத்தில் எங்களுக்கென்று அப்படி ஒரு நேரம் கிடைக்க நாங்கள் என்ன புண்ணியம் செய்தோமோ, தேவநாதா!

அப்புறம் செங்கமலத் தாயாரைச் சேவித்ததும், ஊரிலிருந்தே வாங்கி வந்திருந்த வெள்ளிக் காலை உண்டியலில் சேர்த்ததும் கனவு மாதிரி நடந்தது. பக்கத்தில் ஹயக்ரீவர் இருக்கும் ஔஷதகிரி மலை வேண்டாம், கீழேயே இருங்கள் என்றேன். கேட்கவில்லை. 74 படிகளையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டார். வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகருக்குக் காட்சி கொடுத்த ஹயக்ரீவர் முன்னால் மூச்சிரைக்க உட்கார்ந்து, "இங்க படிக்கிற பிள்ளைங்களுக்குத்தானே வேண்டிக்குவாங்க? என் பேத்திக்கு நான் வேண்டிக்கிறேன்" என்றார். இறங்கி வந்து கெடிலத்தை எட்டிப் பார்த்தபோது, "தண்ணியே இல்லையே பாப்பா, கிழவன் இருந்தா பட்டினிதான்" என்று ஒரே சிரிப்பு.

அந்த எருமைக்கு, சத்தம் கேட்டு டார்ச்சோடு ஓடி வந்த பிள்ளைகளுக்கு, ராத்திரி முழுக்க உட்கார்ந்து தையல் போட்ட டாக்டருக்கு, எங்களுக்காக வரிசையை நிறுத்திய அந்தப் பட்டருக்கு, எல்லாருக்கும் பெருமாள் நல்லது செய்யட்டும். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் பிரசாதத்தைக் கொடுத்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எருமை பேருக்கு அர்ச்சனை பண்ணீங்களா?" என்றார். நாங்கள் முழித்தோம். புரட்டாசியில் மறுபடியும் போகிறோம்.