கை கழுவாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரம்

"பேசினா கை கழுவுறது நின்னுடுமா சார்?" ஓசிடிக்காக, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்க்காக, வரும் குடும்பத்தில் யாராவது ஒருவர் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். வெறுமனே பேசினால் நிற்காது. அதிலும் "கை சுத்தமாத்தான் இருக்கு, ஒன்னும் ஆகாது" என்று ஆறுதலாகப் பேசினால் கூடத்தான் செய்யும். வீட்டில் அம்மா, அக்கா, கணவர் என்று ஆளாளுக்கு அதைச் சொல்லிப் பார்த்தபிறகுதான் ஆலோசகரிடம் வந்திருப்பார்கள். அதே வசனத்தை ஃபீஸ் வாங்கிக்கொண்டு அவரும் சொல்வதில் என்ன இருக்கிறது?

ஓசிடிக்குப் பலன் தரும் உளவியல் சிகிச்சைக்கு ஈ.ஆர்.பி. (எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன்) என்று பெயர். எதைக் கண்டு பயமோ அதைத் தொட வேண்டும். தொட்டபிறகு வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்க வேண்டும். 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்துக் கட்டுரை எழுதினார். அப்போது மருத்துவமனையில் நர்ஸ்கள் கூடவே இருந்து கழுவவிடாமல் தடுத்தார்கள். இன்றைக்கு யாரும் யார் கையையும் பிடித்துத் தடுப்பதில்லை. வந்தவர் தானே ஒப்புக்கொண்டு செய்தால்தான் இது சிகிச்சை.

விளக்குவதற்காக ஒருவரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வயது 28, வங்கியில் வேலை. ஆபீஸிலிருந்து வந்தால் ஒன்றரை மணி நேரம் குளியல், ஒரு நாளைக்கு 40 தடவை கை கழுவல், மாதத்துக்கு ஏகப்பட்ட சோப். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும்.

முதல் சந்திப்புக்கு 60 முதல் 90 நிமிடம் ஒதுக்க வேண்டும். சம்மதப் படிவத்தைக் கையெழுத்துக்காக நீட்டுவதோடு விடாமல், வாய்விட்டுச் சொல்லி விளக்க வேண்டும். இங்கே பேசுவது வெளியே போகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. விதிவிலக்குகளையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்: உயிருக்கு ஆபத்து என்ற நிலை, நீதிமன்ற உத்தரவு, குழந்தை மீதான பாலியல் குற்றம். கடைசியாகச் சொன்னது தெரியவந்தால் போக்சோ சட்டம் 19-ஆவது பிரிவின்படி தெரிவித்தே ஆக வேண்டும். அடுத்து, கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இது லேசில் நடக்காது. "அவளுக்குச் சொல்லத் தெரியாது, நானே சொல்றேன்" என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். "உங்ககிட்டயும் தனியா பேசுவேம்மா, ஒரு இருபது நிமிஷம்" என்று சொன்னால் பெரும்பாலும் எழுந்து போவார்.

தனியாக இருக்கும்போதுதான், ஓசிடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோல். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. எண்ணங்களுக்கு ஐந்து, செய்கைகளுக்கு ஐந்து. 16-லிருந்து 23 வரை நடுத்தரம், 24-லிருந்து 31 வரை கடுமை. நம் உதாரணப் பெண்ணுக்கு 28 என்று வைத்துக்கொள்வோம். மனச்சோர்வு இருக்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதையும் நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்பது தவறான பயம்.

இந்த அளவுக்குக் கடுமையாக இருந்தால் மனநல மருத்துவரிடமும் அனுப்புவது வழக்கம். மாத்திரை எழுத உளவியலாளருக்கு அதிகாரம் இல்லை. ஓசிடிக்கு மருந்தின் அளவு மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்; பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்றாவது வாரமே "ஒன்னும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் விபத்து.

அடுத்த ஏழு நாளுக்கு ஒரு நோட்டு. ஐந்து கட்டம்: எத்தனை மணி, எதைத் தொட்டார், பதற்றம் 0-லிருந்து 100-க்குள் எவ்வளவு, அப்புறம் என்ன செய்தார், எத்தனை நிமிடம். முழுசாக எழுதி வருபவர்கள் அபூர்வம். இரண்டு நாள் எழுதினாலே போதும், சங்கிலி தெரிந்துவிடும். சில பேர் நோட்டையே திரும்பத் திரும்ப அழித்து எழுதுவார்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

மடி, ஆசாரம், தீட்டு பார்க்கும் வீடுகளில் எது பழக்கம், எது நோய் என்று பிரிப்பது புதிய ஆலோசகர்களைத் திணறவைக்கும். ஒரு வழி இருக்கிறது. அதே வீட்டில் அதே ஆசாரத்தைப் பார்க்கும் பாட்டியைக் கேளுங்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் ஒரு முழுக்கு, துணியை நனைத்துப் போட வேண்டியது, முடிந்தது. பிறகு காபி குடிக்கப் போய்விடுவார். ஓசிடிக்கு அந்த "முடிந்தது" கிடையாது. சரியாக நனைந்ததா, காது மடல் விட்டுப்போச்சா, முதல்லேர்ந்து. அதனால் பாட்டி எங்கே நிறுத்துகிறாரோ அதுவே சிகிச்சையின் எல்லை. யாருடைய நம்பிக்கையையும் மீறச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. அந்த வேகத்தில் இறங்கும் ஆலோசகரிடம் இரண்டாம் தடவை யாரும் வர மாட்டார்கள்.

மூன்றாவது சந்திப்பில் பயங்களைப் பதற்ற மார்க் வாரியாக ஏணிப்படிபோல் அடுக்க வேண்டும். பத்திலிருந்து பதினைந்து படி போதும். ஆலோசனை மையத்தின் கதவுக் கைப்பிடி 40. பத்து ரூபாய் நோட்டு 45. பஸ் கம்பி 55. செருப்பின் வார் 65, அடிப்பாகம் 80. பொதுக் கழிப்பறைக் குழாய் 90. வெளியே போன உடையோடு தன் கட்டிலில் உட்காருவது 100. இந்தக் கடைசிப் படி பலருக்கும் இருக்கும், வெளியாட்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். வீட்டில் ஒரே ஒரு 'சுத்தமான இடம்' என்று அதைக் காப்பாற்றி வைத்திருப்பார்கள். அது கெட்டால் எல்லாம் போச்சு.

30, 40-ல் தொடங்குவது நடைமுறை. அதற்கும் கீழே போனால் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கதவுக் கைப்பிடி. தொடுவதற்கு முன் ஒரு தாளில் எழுதவைக்க வேண்டும்: என்ன நடக்கும் என்று பயம்? "கழுவாம இருந்தா பதற்றம் ஏறிக்கிட்டே போகும், அரை மணி நேரத்துல தாங்க முடியாம ஓடிடுவேன்." அவர் வார்த்தையிலேயே இருக்கட்டும். பிறகு தொடுதல். விரல் நுனியால் பட்டும் படாமல் தொட்டால் கணக்கில் வராது. உள்ளங்கை முழுசும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பிறகு அதே கையால் முகம், தலைமுடி, துப்பட்டா, கைப்பை என்று தடவ வேண்டும். இது கொடூரமாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது: உள்ளங்கையை மட்டும் தனியே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் "மற்ற இடமெல்லாம் சுத்தம்" என்ற கோடு மனத்துக்குள் அப்படியே நிற்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "மார்க் எவ்வளவு?" 40 என்று சொன்னது 60 ஆகும், 70 ஆகும். ஏறும்போது ஆலோசகர் செய்ய வேண்டியது கஷ்டமான வேலை: சும்மா இருப்பது. கதை பேசி மனத்தைத் திருப்பக் கூடாது. கையைப் பார்க்கச் சொல்லலாம், என்ன தோன்றுகிறது என்று கேட்கலாம். 45 நிமிடம், ஒரு மணி நேரம். பலருக்கு மார்க் பாதியாக இறங்கும், சிலருக்கு இறங்காது. இறங்கியே ஆக வேண்டும் என்று முன்பு நினைத்தார்கள். உளவியலாளர் மிஷெல் கிராஸ்கே போன்றவர்களின் ஆய்வுகளுக்குப் பிறகு பார்வை மாறியிருக்கிறது. முடிவில் அந்தத் தாளை எடுத்து, "ஓடிடுவேன்னு எழுதியிருக்கீங்க. என்ன நடந்துச்சு?" என்று கேட்பதுதான் முக்கியம். 60-லேயே நின்றாலும் ஓடவில்லையே.

வீட்டுப்பாடம், அதே பயிற்சி தினமும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மையத்தில் செய்துவிட்டு ஆறு நாள் வீட்டில் கழுவினால் எதுவும் மிஞ்சாது. மொத்தம் 12 முதல் 20 சந்திப்பு; முடிந்தால் ஆரம்பத்தில் வாரம் இரண்டு.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. கழுவுவதற்குப் பதில் வேறு ஏதோ நடந்துகொண்டிருக்கும். பையிலிருக்கும் சானிடைசர். ஈரத் துடைப்பான். கையைத் துணியில் தேய்ப்பது. மனத்துக்குள் ஸ்லோகம். வேண்டிக்கொள்வது தப்பில்லை, ஆனால் 'கெட்டதைச் சரிக்கட்ட' பதினோரு தடவை என்று எண்ணிச் சொன்னால் அதுவும் கழுவல்தான். "சாயங்காலம் போய்க் குளிச்சுக்கலாம்" என்று உள்ளுக்குள் போட்டுக்கொள்ளும் கணக்கு இன்னொன்று. பதற்ற மார்க் சந்தேகப்படும்படி சீக்கிரம் இறங்கினால் "இப்ப மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுப் பாருங்கள், வெளியே வரும்.

ஆலோசகரும் கெடுப்பார். "பாருங்க, நானே தொடறேன்" என்று ஒவ்வொரு தடவையும் முதலில் தொட்டுக் காட்டினால், சார் தொட்டாரே, ஒன்றும் ஆகாது என்ற உத்தரவாதமாக அது மாறிவிடும். மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அதைப் பயிற்சிக்கு நடுவில் செய்யவைப்பதும் இந்த ரகம். கையில் ரப்பர் பேண்ட் போட்டு, எண்ணம் வரும்போது சுண்டிவிடச் சொல்லும் பழைய வைத்தியம் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. எண்ணத்தை விரட்ட விரட்ட அது கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் வீடு. பாசத்தில்தான் செய்கிறார்கள். மகள் வந்ததும் அம்மா தானே கதவைத் திறந்துவிடுவார், குழாயைத் திருகிவிடுவார், மாற்றுத் துணியைக் கொண்டுவந்து வைப்பார். அப்பா வாசலிலேயே சட்டையைக் கழற்றுவார். "அம்மா, நான் சுவத்துல இடிச்சுக்கலைல்ல?" "இல்லடி கண்ணு." இந்தப் பதில் இரண்டு நிமிட நிம்மதி, மூன்றாவது நிமிடம் அதே கேள்வி. சிரங்கைச் சொறிகிற சுகம் இது.

ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. "டாக்டர் சொல்லிட்டார், இனிமே உனக்கு எதுவும் செய்ய மாட்டேன்" என்று அம்மா அறிவித்தால் வீடு போர்க்களமாகும், சிகிச்சையும் நின்றுபோகும். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து, வீட்டார் செய்யும் உதவிகளையெல்லாம் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றை, மகளே தேர்ந்தெடுத்து, விட வேண்டும். கேள்விக்கு மட்டும் ஒரு பதிலை முன்கூட்டியே ஒப்பந்தமாகப் பேசி வைக்கலாம்: "இது ஓசிடி கேக்குற கேள்விம்மா. பதில் சொல்லக் கூடாதுன்னு நாம பேசியிருக்கோம். கஷ்டமா இருக்கா, வா, பக்கத்துல உக்காரு." கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் சொன்னால் அது தண்டனையாகிவிடும்.

மாமியார் வீட்டில் இருப்பவர்களுக்கு இது இரட்டைச் சிக்கல். "சோம்பேறி, பாத்ரூம்லயே குடியிருக்கா" என்ற பேச்சுக்கு நடுவில் யாரும் ஏணி ஏற முடியாது. கணவரையாவது ஒரு சந்திப்புக்கு வரவைக்க வேண்டும். வர மறுத்தால் பத்து நிமிட போன் பேச்சு. அதற்கும் அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும்.

யேல்-பிரவுன் மதிப்பெண் 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன் இருக்கிறது என்று ஆய்வுகளில் எடுத்துக்கொள்வார்கள். 28 என்பது 18 ஆவது. கழுவல் அடியோடு நின்றிருக்காது. குளியல் இருபது நிமிடத்துக்கு வந்திருக்கும், ஆபீஸுக்கு நேரத்துக்குப் போயிருப்பார். அதன்பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி கூட்ட வேண்டும். பரீட்சை, கர்ப்பம், பிரசவம், வீடு மாற்றம் போன்ற சமயங்களில் திரும்ப எட்டிப்பார்க்கும் என்பதை முன்பே சொல்லி, அப்போது எந்தப் படியிலிருந்து மறுபடி தொடங்குவது என்றும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உண்டு. 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தனியார் என்றால் மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு எண் இருக்கும், கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இரண்டு கேள்வி போட்டுவிடுங்கள்: ஓசிடிக்கு ஈ.ஆர்.பி. செய்வீர்களா? தேவைப்பட்டால் அறையை விட்டு எழுந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வருவீர்களா? இரண்டாவதுக்கு "எதுக்குங்க அதெல்லாம்" என்று பதில் வந்தால் அடுத்த நம்பரைப் பாருங்கள்.