தெளுவு காயும் வாசம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அரை லிட்டர் பீரை நானும் மாமாவும் ஒன்றரை மணி நேரம் வைத்துக் குடித்தோம். அத்தை குடிக்கமாட்டார். டம்ளரை வாங்கி ஒரே ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த பீர் என்ன என்பதைச் சரியாகச் சொன்னது அத்தைதான். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளா என்றாலும் வீட்டில், சந்தையில், தோட்டத்தில் எல்லாம் தமிழ்தான். மாமா முப்பது வருஷம் செத்துக்காரர், அதாவது கள் இறக்குகிறவர். தென்னையும் ஏறுவார், பனையும் ஏறுவார். திருச்சூர், எர்ணாகுளம் வரைக்கும் கள்ளுஷாப்புகளுக்குப் போகிற தென்னங்கள்ளில் பெரும்பங்கு எங்கள் சித்தூர் தாலுகாத் தோப்புகளில் இறக்கியதுதான். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. அதனால் ஞாயிறானால் கோயமுத்தூர், பொள்ளாச்சி வண்டிகள் வேலந்தாவளம், கோபாலபுரம் தாண்டி வந்து நிற்கும். அந்தக் கூட்டத்துக்கு நல்ல கள் எது, ஆறின கள் எது என்று தெரியாமல் போவதில் மாமாவுக்கு இன்னமும் வருத்தம்.

பீர் வந்த கதை சின்னது. தங்கச்சி வீட்டுக்காரர் மியூனிக்கில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்தபோது பவுலானர் சால்வாட்டர் ரெண்டு பாட்டில் கொண்டுவந்தார். அங்கே ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலத்தில் இந்த மாதிரி கனத்த பீருக்கென்றே ஒரு சீசன் உண்டு, 'ஸ்டார்க்பியர்' காலம் என்பார்கள். நம் கணக்குக்கு மாசி, பங்குனி. இங்கே பனை பாளை விட்டு நிற்கிற அதே நாட்கள்.

அந்த பீரை முதலில் காய்ச்சியவர்கள் பவுலானர் சபைத் துறவிகள். 1627-ல் மியூனிக்குக்கு வந்தவர்கள். கறி, முட்டை, பால் எதுவும் தொடாத சபை. திரவம் நோன்பை முறிக்காது என்பதால், வயிறு தாங்குகிற மாதிரி மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லியை) அள்ளிப்போட்டுக் காய்ச்சினார்கள். 1634-லேயே, இவர்கள் பீரை வெளியாருக்கும் விற்கிறார்கள் என்று ஊர் பீர்க்காரர்கள் நகரசபைக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்குப் பிடித்த இடம் இதுதான். "கஞ்சிக்குப் பதிலா குடிச்சிருக்காங்க" என்றார். மரமேறுகிற காலத்தில் விடியற்காலையில் ஒரு சொம்பு கள்ளைக் குடித்துவிட்டு மத்தியானம் வரைக்கும் வேறெதுவும் சாப்பிடாமல் இருந்தவர் அவர்.

ரெண்டு வருஷம் முன்னால் ஒரு பெரிய நகரத்துக் கடையில் இதே வகை பீர் ஒன்றை நிறையக் காசு கொடுத்து வாங்கினேன். எத்தனை மாதம் வெக்கையில் கிடந்ததோ, மூடியைத் திறந்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். காற்றுப்பட்டுப் பழசான பீருக்கு அந்த நாற்றம்தான் வரும். அதனால் இந்தத் தடவை பாட்டிலை வீட்டுக்கு வந்த அன்றே ஃபிரிட்ஜில், வெளிச்சம் படாமல் வைத்தேன். ரொம்பச் சில்லென்று குடித்தால் இந்த பீரில் இனிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. எட்டு, பத்து டிகிரியில் குடிக்கவேண்டும். வெளியே எடுத்து இருபது நிமிஷம் வைக்கச் சொல்வார்கள். எங்கள் பங்குனி வெயிலுக்குப் பத்து நிமிஷமே போதுமாக இருந்தது.

கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினேன். மேலே வெளிறிய காவி நிறத்தில் நுரை. திண்ணை நிழலில் பார்த்தால் கடுங்காப்பி மாதிரி இருந்தது. மாமா முற்றத்துக்கு இறங்கி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடம்! அடியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு. கள் வெள்ளையாக, கலங்கலாகத்தான் இருக்கும். இவ்வளவு தெளிவாக ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் அத்தை டம்ளரைக் கேட்டார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடி, மெதுவாக இழுத்தார்.

"தெளுவு காயுது கண்ணு" என்றார். "பாகு பதம் வந்து, முறுகறதுக்கு ஒரு கொதி முந்தி கொப்பரையில இருந்து வருமே, அதேதான்." தெளுவு என்றால் சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறக்குகிற, புளிக்காத பதநீர்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முளைகட்டின பார்லியைச் சூட்டில் காயவைத்து மால்ட் ஆக்கும்போது, அதிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் சிறு துண்டுகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகின்றன. மியூனிக் மால்ட்டின் நிறமும் மணமும் அங்கேதான் பிறக்கின்றன. தெளுவு கொதித்துக் கருப்பட்டியாகிறபோதும் அதே சேர்க்கைதான் நடக்கிறது. கலயத்தில் தடவின சுண்ணாம்பு அதை இன்னும் துரிதப்படுத்துகிறது. இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. அத்தைக்கு மூக்கே போதும். இருபத்தைந்து வருஷம் அடுப்படியில் நின்று, கரிந்துவிடும் முன் கொப்பரையை இறக்கின மூக்கு அது.

குடித்தால் முதலில் வருவது அந்தக் கருப்பட்டி இனிப்புத்தான். பின்னாலேயே ரொட்டியின் முறுகின மேல்தோல், அப்புறம் உலர்ந்த அத்திப்பழம். விழுங்கின பிறகு நெஞ்சில் ஒரு சின்னச் சூடு. பீரில் போடுகிற ஹாப்ஸ் பூவின் கசப்பு கடைசியில் எட்டிப்பார்த்து, இனிப்பு வாயிலேயே தங்கிவிடாமல் துடைத்து விடுகிறது. கறுப்பு என்றாலே கரிந்த கசப்பு இருக்கும் என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு வாய் குடித்துப் பார்க்கவேண்டும்.

மாமா கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாள் புளிச்சது?" குளிரில் நிதானமாகப் புளிக்கும், அப்புறம் வாரக்கணக்கில் இன்னும் கடுங்குளிரில் கிடக்கும் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. காலையில் இறக்கின கள் சாயங்காலத்துக்குள் மூத்துவிடும். அவர் ஆயுசு முழுக்க நேரத்தோடு ஓடினவர். பீரில் சாராயச் சத்து 7.9 சதவீதம். கேரளாவில் தென்னங்கள்ளுக்குச் சட்டம் அனுமதித்திருந்த உச்சம் 8.1, பனங்கள்ளுக்கு 5.2. "அப்ப நம்ம தென்னங்கள்ளுக்குச் சோடிதான்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

தொட்டுக்கொள்ள உப்புப் போட்டு வறுத்த கடலைக்காய் பிரமாதமாகச் சேர்ந்தது. ஆசைப்பட்டு ஒரு துண்டு கருப்பட்டியும் கடித்துப் பார்த்தேன், திகட்டிவிட்டது. பீர் சூடேறின பிறகு இனிப்பு கனத்துவிடுகிறது. மாமா கடைசி ரெண்டு விரற்கடையை அப்படியே வைத்துவிட்டார். ரெண்டாவது பாட்டிலை மார்கழிக் குளிரில்தான் திறப்பேன்.

இருட்டின பிறகு கிளம்பினேன். அத்தை வாசல்வரை வந்தார். மாமா மரமேறுவதை நிறுத்திப் பத்து வருஷமாகிறது, அதோடு அத்தை காய்ச்சுவதும் நின்றுபோனது. "கீழத்தோட்டத்துல இப்ப பனை ஏறுறாங்களாமா, ரெண்டு குடம் தெளுவு கேட்டுப் பாரு" என்றார். உள்ளே மாமா ஏணியை எடுத்து அட்டாலிக்குச் சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மேலே ஒட்டடைக்குள் கவிழ்ந்து கிடந்த கொப்பரையை இறக்க ரெண்டு பேர் தேவைப்பட்டது.