கிளாட் பத்திகளில் எனக்குக் கைகொடுத்தவை

ப்ளஸ் டூ முடித்து, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதுகிறேன் என்றதும், இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருப்போடப் போகிறேன் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அந்தத் தேர்வுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. 2020-இலிருந்து கணக்குப் பகுதி உட்பட எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வதுதான். 2024 தேர்விலிருந்து 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தப்புக்குக் கால் மதிப்பெண் போகும். ஒரு பத்தி 450 சொற்கள் வரை வரும். அதைப் படிக்கிற நேரமும் சேர்த்துத்தான் கேள்விக்கு ஒரு நிமிடம்.

'முதலில் கேள்வியைப் பார், அப்புறம் பத்தியைப் படி' என்பது பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. எனக்கு அது ஒத்துவரவில்லை. கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கண் அந்தச் சொல்லையே தேடுகிறது; ஆசிரியர் எங்கே பேச்சைத் திருப்புகிறார் என்பது தப்பிப்போகிறது. அதனால் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். யாருடைய கருத்து எங்கே முடிகிறது என்று ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு. தாளில் எழுதும் தேர்வில் இது ஒரு வசதி.

ஒரு மாதிரித் தேர்வில் பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்து பற்றி ஒரு பத்தி. போக்குவரத்துக் கழகத்துக்கு நஷ்டம் என்று சிலர் சொல்வதை ஆசிரியர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அந்தக் கணக்கில் பெண்கள் கையில் மிஞ்சும் பணம் வரவில்லையே என்கிறார். இவர் எதை ஏற்பார் என்பது கேள்வி. 'நஷ்டமே இல்லை' என்பது ஒரு விடை. அவரே ஒப்புக்கொண்டதற்கு நேர் எதிர். 'எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும்' என்பது இன்னொன்று. படிக்கும்போது மனம் அதற்குத்தான் ஆமாம் போடும், ஆனால் பிற மாநிலங்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. 'சீக்கிரமே நஷ்டம் சரியாகிவிடும்' என்பதும் பத்தியில் இல்லை. மிஞ்சுவது 'நஷ்டக் கணக்கை மட்டும் வைத்துத் திட்டத்தை எடைபோட முடியாது'. சப்பென்று இருக்கிறது, அதுதான் விடை. சரியான விடை பெரும்பாலும் இப்படித்தான் உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

சட்டப் பகுதியில் பொறி வேறு மாதிரி. நாயை யார் பொறுப்பில் வைத்திருக்கிறாரோ அவரே இழப்பீடு தர வேண்டும், கடிபட்டவர் அதைச் சீண்டியிருந்தால் மட்டும் விலக்கு என்று பத்தி சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது நாயை ரவியிடம் விட்டுப் போகிறார். பந்தெடுக்கச் சுவரேறிக் குதித்த பையனை அது கடித்துவிடுகிறது. யார் பொறுப்பு? ரவிதான். கூடப் படித்த நண்பன், வக்கீல் வீட்டுப் பிள்ளை, 'சுவரேறிக் குதிப்பது அத்துமீறல், ரவி ஏன் கொடுக்கணும்?' என்று மல்லுக்கு நின்றான். நீதிமன்றத்தில் அவன் வாதம் எடுபடலாம். ஆனால் பத்தி கொடுத்த விலக்கு சீண்டுவதற்கு மட்டும்தான். சட்டம் கொஞ்சம் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

நடப்பு நிகழ்வுகள் தனிக்கதை. அங்கே பத்தியை எத்தனை முறை படித்தாலும் விடை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். தினமும் பேப்பர் படித்திருந்தால் உண்டு.

எனக்கு அதிகம் உதவியது ஒரு நோட்டு. தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரே அது ஏன் தவறு என்று எழுதுவேன்: 'சொல்லவே இல்லை', 'அளவுக்கு மீறிச் சொல்கிறது', 'இன்னொருவர் கருத்து', 'நேர் எதிர்'. அநேகமாக எல்லாமே இந்த நாலில் அடங்கிவிடும். இரண்டு விடைகள் மிஞ்சி ஒரேயடியாகக் குழப்பினால் ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நாலு தப்புக்குத்தானே ஒரு மதிப்பெண் போகிறது.

பழைய வினாத்தாள்களை வைத்துப் பழகுபவர்கள் 2020-இலிருந்து வந்தவற்றை எடுங்கள். தேர்வை நடத்தும் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே இருக்கின்றன. அதற்கு முந்தையவை 200 கேள்விகள் கொண்ட வேறு பாணி. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளிக்கொண்டு வர வேண்டாம்.