எத்தனை மணி நேரம் இருக்கிறது? வெள்ளக்கால அணை நிர்வாகத்தைப் படித்துத் தேர்வெழுதிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சிவில் இன்ஜினியரிங் படிக்கும் நம் பிள்ளைகள் சிலரும், தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்காக இங்கு வந்துள்ள மாணவர்கள் சிலரும், நீரியல் தாளில் அணைகளின் வெள்ளக்கால நீர்வெளியேற்றம் பற்றிய பகுதியை எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தத் தாளை எழுதித் தேறியவன் என்ற முறையிலும், தேறிய பிறகும் அந்தப் பாடத்தை விட முடியாமல் தொடர்ந்து படித்து வருகிறவன் என்ற முறையிலும் எனக்குப் பயன்பட்ட வழியை இங்கே எழுதுகிறேன். சூத்திரங்களை மனப்பாடம் செய்வதற்கு முன்பாக, ஒவ்வொரு கணக்கிலும் "அணையில் இன்னும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது, அது நிறைய எத்தனை மணி நேரமாகும்" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். இந்தப் பகுதியில் வரும் மற்ற அனைத்தும் அந்தக் கேள்வியிலிருந்து கிளைப்பவையே.

முதலில் அலகுகள் கைவசமாக வேண்டும். வினாடிக்கு ஒரு கனமீட்டர் ஓட்டம் ஒரு நாள் முழுவதும் நீடித்தால் 86,400 கனமீட்டர் நீர் சேரும். ஆயிரம் கனமீட்டர் ஓட்டம் என்றால் ஒரு நாளில் 86.4 மில்லியன் கனமீட்டர். தமிழ்நாட்டுச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கன அடியும் டி.எம்.சி.யும்தான் மனத்தில் நிற்கும். வினாடிக்கு ஒரு கனமீட்டர் என்பது சுமார் 35.3 கன அடி, ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, என்பது சுமார் 28.3 மில்லியன் கனமீட்டர். வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. இந்தச் சில எண்கள் நாவில் நின்றால், தேர்வு அறையில் விடை தவறும்போது அது தவறு என்று உங்களுக்கே உடனே தெரிந்துவிடும்.

அடுத்ததாக, ஓர் உண்மை வெள்ளத்தை ஆழமாகப் படியுங்கள். நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பது 1996 பிப்ரவரியில் இந்நாட்டின் வால் (Vaal) ஆற்றிலுள்ள வால் அணைக்கு வந்த வெள்ளம். 1938இல் கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் இரண்டு முறை உயர்த்தப்பட்ட அந்த அணையின் கொள்ளளவு சுமார் 2,600 மில்லியன் கனமீட்டர். மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி.யை மாற்றிப் பார்த்தால் சுமார் 2,647 மில்லியன் கனமீட்டர் வருகிறது. ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை என்று மனத்தில் கொள்ளலாம். வால் அணையின் சிறப்பு என்னவென்றால், முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு மேலேயும் வெள்ள நீரைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்க 663 மில்லியன் கனமீட்டர் இடம் அதில் உண்டு. நிரம்பிய அணை வெள்ளத்தில் உதவாது என்று பலர் நினைப்பதற்கு இந்தக் கூடுதல் இடமே பதில். அணை 100 சதவீதத்தைத் தாண்டியது என்று செய்தியில் வரும்போது குழம்புகிறவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த மாதம் நல்ல மழையால் அணை ஏற்கெனவே நிறைந்திருந்த நிலையில், வினாடிக்கு 4,700 கனமீட்டருக்கும் மேல், அதாவது சுமார் 1,66,000 கன அடி, நீர்வரத்து வந்தது. அணைக்குக் கீழே வினாடிக்கு 2,300 கனமீட்டருக்கு மேல் விட்டால் கரையோரங்களில் கடும் சேதம் ஏற்படும் என்பது தெரிந்திருந்ததால், வெளியேற்றம் அந்த அளவுக்குள் நிறுத்தப்பட்டது. மிகுதி நீர் முழுக்கொள்ளளவு மட்டத்துக்கு மேலுள்ள அந்தக் கூடுதல் இடத்தில் தேக்கப்பட்டது. பிப்ரவரி 19ஆம் தேதி இருப்பு 118.5 சதவீதத்தைத் தொட்டபோது, மீதமிருந்த வெள்ளத் தேக்க இடம் 194 மில்லியன் கனமீட்டர் மட்டுமே. இங்கே புத்தகத்தை மூடிவிட்டு நீங்களே கணக்கிடுங்கள். வரவுக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம் உச்சத்தில் வினாடிக்கு 2,400 கனமீட்டர். அந்த வித்தியாசம் அப்படியே நீடித்திருந்தால் 194 மில்லியன் கனமீட்டர் இடம் 22 மணி நேரம் சற்று கடந்ததும் தீர்ந்திருக்கும். உச்ச நீர்வரத்து எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதே முக்கியம் என்பதும், அது எப்போது தணியும் என்பதை மேற்பகுதி ஆற்று மானிகளைப் பார்த்து முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்பதும் அந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். நீர்வரத்துக் குறையத் தொடங்கும் முன் இடம் தீர்ந்துபோனால், வருவதை அப்படியே கீழே விடுவதைத் தவிர வேறு வழி இராது. அங்கே பணியில் இருந்த நீரியலாளர்கள் எத்தனை பெரிய பொறுப்பைத் தாங்கியிருந்தார்கள் என்பதை, அந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டு முடித்த பிறகே நான் உணர்ந்தேன்.

இதே கணக்கைச் செம்பரம்பாக்கம் ஏரிக்கும் போட்டுப் பாருங்கள். அதன் கொள்ளளவு 3.645 டி.எம்.சி.; 2015 டிசம்பர் 1ஆம் தேதி வெளியேற்றம் வினாடிக்கு 29,000 கன அடியை எட்டியது. அந்த வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை டி.எம்.சி., அதாவது ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. வெள்ளத்தோடு ஒப்பிடும்போது தேக்கம் சிறியதாக இருந்தால், வெள்ளம் வந்து சேர்ந்த பிறகு எடுக்கும் முடிவுகளுக்கு வலிமை மிகக் குறைவு. முடிவு நாட்கணக்கில் முன்னதாகவே எடுக்கப்பட வேண்டும். இந்த இரண்டு அணைகளையும் அருகருகே வைத்து எழுதிய பதில், சூத்திரம் மட்டும் எழுதிய பதிலைவிடத் தேர்வாளருக்கு நிறையச் சொல்லும்.

மூன்றாவதாக, மதகுள்ள அணையையும் மதகில்லாத வழிந்தோடி (மிகுதி நீர் வழிந்து செல்லும் பகுதி) மட்டுமே உள்ள அணையையும் மனத்தில் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இதற்குத் தனி அவசியம் உண்டு. டர்பன் வழியே கடலில் சேரும் உம்கேனி ஆற்றில் பெருவெள்ளம் வரும் போதெல்லாம் "இனாண்டா அணையைத் திறந்துவிட்டார்கள்" என்ற பேச்சு எழுகிறது. அந்த அணையின் வழிந்தோடியில் ஏற்றி இறக்க மதகுகள் இல்லை. நீர் மட்டம் வழிந்தோடியின் விளிம்பைத் தாண்டினால் நீர் தானாக வழியும். அடிமட்டக் குழாய்கள் வழியே விடக்கூடிய நீர் பெருவெள்ளத்தோடு ஒப்பிட மிகச் சிறியது. வழிந்தோடியில் செல்லும் ஓட்டம், விளிம்புக்கு மேலுள்ள நீரின் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப வளரும். நூறு மீட்டர் நீளமுள்ள வழிந்தோடிக்குக் கெழு 2.1 என்று கொண்டால், ஒரு மீட்டர் உயரத்தில் வினாடிக்கு 210 கனமீட்டரும், இரண்டு மீட்டரில் ஏறத்தாழ 594 கனமீட்டரும், மூன்று மீட்டரில் ஏறத்தாழ 1,091 கனமீட்டரும் செல்லும். உயரம் இரட்டிப்பாகும்போது ஓட்டம் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது என்பதைக் கையால் வரைந்து பாருங்கள்.

இத்தகைய அணையில் உச்ச வெளியேற்றம் எப்போது நிகழும் என்ற கேள்வி எளியதுபோல் தோன்றினாலும் ஆழமானது. வெளியேற்றமும் இருப்பும் நீர் மட்டத்தை மட்டுமே சார்ந்திருப்பதால், மட்டம் உச்சத்தில் நிற்கும் கணத்தில், அதாவது வரவும் செலவும் சமமாகும் கணத்தில்தான் வெளியேற்றமும் உச்சம் அடையும். எனவே வரவின் ஹைட்ரோகிராஃப் (நேரத்துக்கு ஏற்ப ஓட்டம் மாறுவதைக் காட்டும் கோடு) இறங்கும் பகுதியில், வரவு, செலவு ஆகிய இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே விடை. மதகுள்ள அணைக்கு இந்த விதி கட்டாயமில்லை. அங்கே வெளியேற்றத்தை மனிதர் தீர்மானிக்கிறார். இந்த வேறுபாட்டை ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டு அதன் பின் கணக்கைத் தொடங்குங்கள்.

எந்த இடத்தில் மழை பெய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 1917 அக்டோபரில் உம்கேனி பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்து இந்தியத் தோட்டக்காரர்களை அடித்துச் சென்றபோது, மாரிமுத்து படவட்டனும் அவருடன் சென்ற ஐந்து மீனவர்களும் 176 பேரைக் காப்பாற்றினார்கள். அப்போது அந்த ஆற்றில் பெரிய அணை எதுவும் இல்லை. 1976இல் அதே ஆற்றங்கரையில் இருந்த டின் டவுன் குடியிருப்பு மக்கள் வெள்ளத்தால் பெயர்ந்து டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் குடியேறியதை நம் வீட்டு ஆயாக்களும் தாத்தாக்களும் இன்றும் சொல்வார்கள். இன்று மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என நான்கு அணைகள் வரிசையாக இருந்தும், 2022 ஏப்ரலில் கனமழை கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் பொழிந்ததால், மேற்பகுதியில் உள்ள அணைகளால் அதில் பெரும்பகுதியைத் தடுக்க வழியே இருக்கவில்லை. அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை பிடிக்காது. இது எளிய உண்மைதான். ஆனாலும் கட்டுரை வினாக்களில் இதைக் குறிப்பிடுகிறவர்கள் குறைவு.

முன்கூட்டியே நீரை வெளியேற்றுவது பற்றிய வினா ஏறக்குறைய உறுதியாக வரும் என்று எண்ணியே தயாராகுங்கள். வினாடிக்கு 500 கனமீட்டர் வீதம் மூன்று நாள் விட்டால் சுமார் 130 மில்லியன் கனமீட்டர் இடம் கிடைக்கும். வால் அணையில் அது ஐந்து சதவீதம். மழைக் கணிப்பு பொய்த்தால் அந்த ஐந்து சதவீதம் வறட்சியில் தேவைப்படும் நீர். 2016 நவம்பரில் கால்பங்கு அளவுக்குத் தாழ்ந்த அதே அணை, 2017 பிப்ரவரியில் நிறைந்து மதகுகளைத் திறக்க வேண்டிய நிலைக்கு வந்தது. மூன்று மாதங்களில் பஞ்சமும் வெள்ளமும் ஒரே அணையைத் தொடும் நாட்டில், முன்வெளியேற்றம் எப்போதும் சரி என்றோ எப்போதும் தவறு என்றோ எழுதும் பதிலுக்கு மதிப்பில்லை. எவ்வளவு இடம் கிடைக்கும், எவ்வளவு நீரை இழக்க நேரும், கணிப்பு எத்தனை நாள் முன்னதாகக் கிடைக்கிறது என்ற மூன்றையும் எண்களால் எடைபோட்டு எழுதுங்கள்.

கீழ்ப்பகுதியைப் பற்றி எழுதும்போது நேரத்தையே மையமாக வையுங்கள். வால் அணையிலிருந்து விட்ட நீர் ஃபெரீனிகிங், பாரிஸ் (Parys) நகரங்களைக் கடந்து ப்ளூம்ஹோஃப் அணையை அடைந்து, டக்ளஸ் அருகே ஆரஞ்சு ஆற்றில் கலக்கிறது. ஆரஞ்சு ஆற்றிலுள்ள காரிப், ஃபாண்டர்க்ளூஃப் அணைகளிலிருந்து வரும் உச்சமும் அதே நேரத்தில் அங்கே சேர்ந்தால், அப்பிங்டன் வரை உள்ள கரையோரத் தோட்டங்கள் பாதிக்கப்படும். ஆகவே ஓர் ஆற்றின் உச்சத்தைப் பிடித்துவைத்து மற்றதைக் கடக்க விடுவது இங்குள்ள நிர்வாகத்தின் முக்கிய நோக்கம். மதகுகளைப் படிப்படியாகத் திறப்பது கரையோர மக்கள் விலகுவதற்கு நேரம் தருகிறது. மூடுவதையும் படிப்படியாகவே செய்ய வேண்டும். நீரில் ஊறிய கரைகள், ஆற்று மட்டம் திடீரென இறங்கினால் சரிந்து விழும்.

அணைப் பாதுகாப்புப் பகுதியை நான் விரைவாகவே முடித்தேன். வடிவமைப்பு வெள்ளத்தை, அதாவது அணையை வடிவமைக்கக் கணக்கில் கொண்ட வெள்ளத்தை, அணை சேதமின்றிக் கடத்த வேண்டும். அதைவிடப் பெரியதான பாதுகாப்பு மதிப்பீட்டு வெள்ளத்தின்போது சேதம் ஏற்பட்டாலும் அணை உடையக் கூடாது. ஐந்து மீட்டருக்கு மேல் உயரமும் 50,000 கனமீட்டருக்கு மேல் கொள்ளளவும் உள்ள அணைகள் 1998 தேசிய நீர்ச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகின்றன. இவ்வளவு தெரிந்தால் அந்தப் பகுதிக்குப் போதுமானது.

தேர்வுக்கு முந்தைய வாரங்களில், நீர் மற்றும் சுகாதாரத் துறை ஒவ்வொரு வாரமும் வெளியிடும் அணை நிலவரத்தை எடுத்து, ஓர் அணையைத் தேர்ந்துகொண்டு, அதற்கு ஒரு கற்பனை வெள்ளத்தை நீங்களே அமைத்து, ரௌட்டிங் அட்டவணையை (வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைக் கணக்கிடும் அட்டவணை) ஒரு மணி நேர இடைவெளியில் கையாலேயே நிரப்புங்கள். எக்செல் பிறகு வரட்டும். கையால் செய்யும்போதுதான் எந்த மணி நேரத்தில் இருப்பு ஏறுகிறது, எந்த மணி நேரத்தில் உங்கள் முடிவு தாமதமாகிறது என்பது தெரியும். அட்டவணை முடிந்ததும் அதே வெள்ளத்தை, மதகைத் திறக்கும் நேரத்தை ஆறு மணி நேரம் முன்னதாக வைத்து மறுபடி போடுங்கள். இரண்டு உச்சங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தின் அடியில் எழுதி, அது கீழ்ப்பகுதியின் சேத அளவைத் தாண்டுகிறதா என்பதையும் அலகுடன் குறித்துக்கொள்ளுங்கள்.