கொட்டகையில் வந்த காய்ச்சல்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் காய்ச்சல் என்றால் முதலில் டிங்கி, அடுத்து எலிக்காய்ச்சல். எனக்கு இரண்டும் இல்லை என்றானதும் காசநோய் என்று சளியைச் சோதித்தார்கள். அதுவும் இல்லை. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. பொழுது சாய்ந்தால் உடம்பு சுடும். விடியும்போது பனியனைப் பிழியலாம். செம்பனைக் குலை நாலு தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது.

சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் என் இதய வால்வு ஏற்கெனவே பழுது. பெரிய மருத்துவமனையில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தபோது அந்த வால்வில் சின்னதாக ஏதோ ஒட்டியிருப்பது தெரிந்தது. கிருமி என்றார்கள். மூன்று முறை ரத்தம் எடுத்து வளர்த்துப் பார்த்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

பிறகுதான் ஓர் இளம் டாக்டர், நம் தமிழ்ப் பெண், கட்டில் ஓரம் உட்கார்ந்து கேட்டார்: "ஐயா, வீட்டில் ஆடு மாடு உண்டா?"

"பன்னிரண்டு உருப்படி" என்றாள் என் மனைவி, பெருமையாக.

"பிரசவம் யார் பார்ப்பது?"

நான்தான். முந்தைய ஆண்டு இரண்டு ஆடுகள் குறைக்குட்டி போட்டன. மூன்றாவது முக்கித் தவித்தபோது மனைவி டார்ச் பிடிக்க, வெறுங்கையை விட்டுக் குட்டியை இழுத்தேன். சாக்கால் துடைத்தேன். நஞ்சுக்கொடியை வாழையடியில் புதைத்தேன். காக்சியெல்லா என்ற கிருமி பிரசவ நீரிலும் நஞ்சுக்கொடியிலும்தான் குவிந்திருக்குமாம். காய்ந்த தூசியாகி மூச்சில் ஏறுமாம். உயிரணுவுக்குள்ளேயே வாழ்வதால் வழக்கமான சோதனையில் வளராது. கிருமியை எதிர்த்து உடம்பு ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

நோயின் பெயர் கியூ காய்ச்சல். ஆஸ்திரேலியாவில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு வந்த காரணம் தெரியாத காய்ச்சலுக்கு, 1937இல் டெரிக் என்ற மருத்துவர் 'குவெரி', அதாவது 'கேள்வி' என்று வைத்த பெயர். எனக்கும் ஐந்து மாதம் அதுதானே பெயர்!

சிகிச்சை 18 மாதம். டாக்சிசைக்ளினோடு ஹைட்ராக்சிகுளோரோகுயின். உயிரணுவுக்குள் கிருமி ஒளிந்திருக்கும் அமிலப் பையின் புளிப்பை இரண்டாவது மாத்திரை தணித்தால்தான் முதல் மாத்திரை கடிக்குமாம். வெயில் பட்டால் கை வெந்ததுபோல் சிவந்தது. முழுக்கைச் சட்டைக்கு மாறினேன். மாத்திரை நேரத்தில் பால் தேநீர் கிடையாது, எனக்கு அதுதான் பெரிய தண்டனை. கண் பரிசோதனையும் ரத்தச் சோதனையும் தவறாமல் உண்டு. சிறப்பு கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). பஸ்ஸுக்குத்தான் அதிகம் செலவு.

நோய் கண்ட ஆடுகளைக் கழித்துவிட்டோம். மிச்சத்தை விற்க மனைவி சம்மதிக்கவில்லை. ஆடு ஈனும் இரவுகளில் இப்போது மச்சான்தான் கையுறை, முகக்கவசத்தோடு கொட்டகைக்குள் போகிறான். பின்னங்கால் முதலில் வந்தால் எப்படிப் பிடிப்பது என்று அடுப்படி ஜன்னலிலிருந்து நான் கத்திக்கொண்டிருப்பேன்.