ஏர் பிஸ்டல் சைட்: ஸ்க்ரூவைத் தொடும் முன்னும் பின்னும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகள் பலருக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. இரண்டு பெல்லட் (ஏர் பிஸ்டல் குண்டு) வலப்பக்கம் போனால் போதும், கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். சைட் என்பது பிஸ்டலில் குறிபார்க்கும் பாகம்; அதன் ஸ்க்ரூவுக்கு இருப்பது ஒரே வேலைதான். பெல்லட்டுகள் ஒரே இடத்தில் கூடி விழுந்து, அந்தக் கூட்டம் (குரூப்) நடுவை விட்டுத் தள்ளியிருந்தால், அதை நடுவுக்கு நகர்த்தும். சிதறி விழுவதை அது ஒருபோதும் சேர்த்துவைக்காது.

கார்டில், அதாவது குறி அட்டையில், நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. அங்கிருந்து வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். குழல் முனையிலுள்ள ஃப்ரண்ட் சைட்டுக்கும் பின்னாலுள்ள ரியர் சைட்டுக்கும் இடையே 32 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சைட்டில் வரும் பிசகு பத்து மீட்டரில் ஏறக்குறைய 31 மடங்காகிவிடும். ரியர் சைட்டில் உள்ள வெட்டான நாட்சுக்குள் ஃப்ரண்ட் சைட் கால் மில்லிமீட்டர் ஒதுங்கினாலே ஒரு வளையம் போய்விடுகிறது. அதனால்தான் கண் ஃப்ரண்ட் சைட்டின் மேல்விளிம்பில் நிற்க வேண்டும், கார்டின் நடுவிலுள்ள கருவட்டம் மங்கலாகத்தான் தெரிய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கருவட்டம் பளிச்சென்று தெரிகிறதா? அப்படியானால் அன்றைக்கு ஸ்க்ரூவைத் தொடவே வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது கிரிப், அதாவது கைப்பிடி. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி, கை நிலைத்ததும் திறந்து பாருங்கள். ஃப்ரண்ட் சைட் ஒவ்வொரு தடவையும் நாட்சின் ஒரே ஓரத்தில் நின்றால், திருத்த வேண்டியது கிரிப்பின் கோணத்தை. சைட்டைத் திருகி அதை மறைத்தால், களைத்துப்போன மணிக்கட்டு போட்டியின் அறுபது ஷாட்டுக்குள் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது நாட்சின் அகலம். ஃப்ரண்ட் சைட்டின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கீற்று, ஃப்ரண்ட் சைட் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருக்கலாம். கீற்று ரொம்ப ஒடுங்கினால் கண் சீக்கிரம் களைத்து, ட்ரிகரை இழுக்க நேரமாகும். ரொம்ப அகன்றால் இடவலச் சிதறல் கூடும். கார்டில் பெல்லட்டுகள் படுக்கைவாட்டில் நீண்டு கிடந்தால் முதலில் இந்த அகலத்தைச் சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகுதான் ஸ்க்ரூ. பத்து ஷாட் சுடுங்கள். ட்ரிகரைப் பிடுங்கி இழுத்தது என்று உங்களுக்கே தெரிந்த ஷாட்டைக் கணக்கில் சேர்க்காமல், பதிலுக்கு வேறொன்று சுட்டுக்கொள்ளலாம். கார்டில் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து விழுகிற மாதிரி நெட்டுக்கோடு ஒன்று போடுங்கள். அதேபோல மேலே ஐந்து, கீழே ஐந்து என்று குறுக்குக்கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் குரூப்பின் நடு. தள்ளி விழுந்த ஒற்றை ஷாட் இந்த முறையில் கணக்கைக் கெடுக்காது.

ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பத்து கிளிக் ஒரே பக்கம் திருகி, இன்னொரு பத்து ஷாட் சுட்டு, இரண்டு நடுக்களுக்கும் இடையே அளந்து பாருங்கள். 18 மி.மீ. வந்தால் கிளிக்குக்கு 1.8. குரூப் 11 மி.மீ. வலப்பக்கம் இருந்தால் ஆறு கிளிக் இடப்பக்கம். ரியர் சைட் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே பெல்லட்டும் போகும். ஜெர்மன், ஆஸ்திரியத் தயாரிப்புகள் பலவற்றில் ஸ்க்ரூ பக்கத்திலுள்ள எழுத்து பெல்லட் எங்கே விழுந்தது என்பதைச் சொல்வது. ‘எச்’ என்றால், மேலே விழுகிறது, இந்தப் பக்கம் திருகிக் கீழே இறக்கு என்று பொருள். இது தெரியாமல் திருகி, கார்டை விட்டே வெளியே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மில்லிமீட்டர்க் கணக்கு வீண் வேலை இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் 0.1 புள்ளியில்தான் வெள்ளியைத் தவறவிட்டு வெண்கலத்தோடு நின்றார். கார்டில் அது 0.8 மி.மீ.

உயரத்தில் பிசகு வந்தால் திருகுவதற்கு முன் சிலிண்டரில் காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். காற்று ஒரு அளவுக்குக் கீழே போனதும் ரெகுலேட்டரால் வேகத்தைப் பிடித்துவைக்க முடியாது, பெல்லட் இறங்கிக்கொண்டே போகும். பெல்லட் டப்பா மாறியதா, சைட்டைப் பிடிக்கும் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, குறிவைக்கும்போது கருவட்டத்துக்கும் அதன் கீழே நிற்கும் ஃப்ரண்ட் சைட்டுக்கும் நடுவே விடும் வெள்ளை இடைவெளி. அது ஷாட்டுக்கு ஷாட் கூடிக் குறைந்தால் மேலும் கீழும்தான் விழும். அதற்கு ஸ்க்ரூவிடம் மருந்து இல்லை.

நம் ஊர் வீடுகளில் பழகுபவர்களுக்கு வெளிச்சம் தனிப் பிரச்சினை. வளவுப் பத்தியில் (நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்) பத்து மீட்டர் நேராகக் கிடைப்பது பெரிய வசதி. (பத்தியைப் பார்த்துத் திறக்கும் அறைக் கதவு ஒவ்வொன்றையும் பூட்டிய பிறகே பெல்லட்டை எடுங்கள், கார்டுக்குப் பின்னால் பெல்லட்டைத் தடுத்துப் பிடிக்கும் இரும்புப் பெல்லட் டிராப் கட்டாயம்.) ஆனால் திறந்த வளவிலிருந்து வெயில் ஒரு பக்கமாக வந்து ஃப்ரண்ட் சைட்டின் விளிம்பை மினுக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை கீழிருந்தும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். காலையில் வைத்த சைட் மதியம் ஒரு வளையம் தள்ளிச் சுடுகிறது என்றால், திருகாதீர்கள். நிற்கும் இடத்துக்கு முன்னால் ஜமக்காளம் விரித்து, வளவுப் பக்கம் இருண்ட துணித் திரை கட்டிவிட்டு மறுபடி சுட்டுப் பாருங்கள்.

தேய்ந்து பளபளக்கும் ஃப்ரண்ட் சைட்டுக்குக் கற்பூரப் புகை அருமையான மருந்து. சைட் தகட்டைத் தனியே கழற்றி எடுத்து, எரியும் கற்பூரத்துக்கு மேலே குறட்டால் பிடித்தால் மெல்லிய மசி படியும். மினுக்கம் இல்லாத கருப்பு. பிளாஸ்டிக் பாகமாக இருந்தால் இது வேண்டாம். சிலிண்டர் பூட்டிய பிஸ்டலை நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மசியில் விரல் பட்டால் அழிந்துவிடும், அதனால் விளிம்பைத் தொடாமல் மாட்டுங்கள்.

வெளியூர் ரேஞ்சுக்குப் போனால் விளக்கு வேறு மாதிரி இருக்கும், சைட்டும் இரண்டொரு கிளிக் கேட்கும். போட்டிக்கு முன் கிடைக்கும் 15 நிமிடத்தில் எத்தனை ஷாட் வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம். முதல் ஐந்து ஷாட்டுக்குள் திருகாதீர்கள். திருகியதும், எந்தப் பக்கம் எத்தனை கிளிக் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அத்தனை கிளிக்கையும் திருப்பிவிட வேண்டியிருக்கும்.