டேங்க் எத்தனை லிட்டர்?

பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழ்நாட்டு விவசாயிகளுக்கான குரல்செய்திகளை எழுதுகிறேன் என்று சொன்னால், அதற்கு எதற்கு வேளாண் பட்டம் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கோவையில் இளநிலை வேளாண்மையும், இங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் விரிவாக்கத்தில், அதாவது ஆய்வில் கண்டதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் துறையில், முதுநிலையும் படித்தேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் வேளாண் தகவல் தொடர்புக்கு இளநிலையிலேயே தனிப் பட்டம் உண்டு. நம் நாட்டில் அது பெரும்பாலும் விரிவாக்கத் துறைக்குள் அடங்கிவிடுகிறது. புதிய முறையை முந்தி ஏற்பவர், பிந்தி ஏற்பவர் என்று அமெரிக்க அறிஞர் எவரெட் ரோஜர்ஸ் வகுத்த பிரிவுகளைத் தேர்வுக்காக உருப்போட்டதைவிட, இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பெற்ற பயிற்சியே எனக்கு இன்றுவரை கைகொடுக்கிறது.

மக்காச்சோளப் படைப்புழுவையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் முதன்முதலாக 2018-இல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டுக்கும் பரவிய புழு அது. எமாமெக்டின் பென்சோயேட் மருந்தை ஹெக்டேருக்கு 200 கிராம் வீதம் 500 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம் என்று வல்லுநர் எழுதித் தருவார். கணக்கு சரிதான், ஆனால் பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயி ஹெக்டேரில் பேசுவதில்லை, அவர் முதுகில் இருப்பது தெளிப்பான் டேங்க். பத்து லிட்டர் டேங்க் என்றால் 4 கிராம், பதினாறு லிட்டர் பேட்டரி டேங்க் என்றால் ஆறரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே எங்கள் அழைப்புப் பிரிவில் இருப்பவர்கள், "அண்ணே, உங்க டேங்க் எத்தனை லிட்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் அளவைச் சொல்வார்கள். புழு குருத்துக்குள் ஒளிந்திருப்பதால் இலைமேல் படும்படி அடித்தால் போதாது, குருத்துக்குள் இறங்கும்படி காலையிலோ மாலையிலோ அடிக்க வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும். இத்தனையையும் அரை நிமிடத்துக்குள் அடக்குவதற்குத்தான் பயிரும் தெரிய வேண்டும், பேச்சும் தெரிய வேண்டும்.

வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் பயிரிட்ட ஆடுதுறை 27 ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்த காலம் உண்டு. 2004-இல் விவசாயிகளுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் மத்திய அரசின் கிசான் கால் சென்டர் வந்த பிறகு, அப்படிப் பதில் சொல்லும் வேலைக்கும் வேளாண் பட்டதாரிகள் தேவைப்பட்டார்கள். 1974-இல் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையங்களில் விரிவாக்க வல்லுநர் பணி, வேளாண் இதழ்கள், தொண்டு நிறுவனங்கள் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. பெங்களூரில் விதை, சொட்டுநீர், செயலி நிறுவனங்களே அதிகம் ஆள் எடுக்கின்றன, சம்பளமும் மோசமில்லை. ஆனால் அவற்றில் சில, ஆலோசனை என்ற பெயரில் தங்கள் சரக்குக்கு விளம்பரம் எழுதவே ஆள் தேடுகின்றன. பூச்சி பொருளாதாரச் சேத நிலையை, அதாவது மருந்தடிக்கும் செலவுக்கு ஈடாக இழப்பு வரும் அளவை, எட்டாதபோது 'இப்போது மருந்து வேண்டாம்' என்று செய்தி அனுப்ப அங்கே இடம் உண்டா என்பதை, நேர்காணலுக்குப் போகும் இளையவர்கள் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.